மூலம் என்று சொன்னோம்

பழைய பேருந்து நிலையத்துக்கு எதிரே, மருந்துக்கடையை ஒட்டிய சுவருக்குப் போன செவ்வாய்க்கிழமை புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள். மாலை நான் கடையிலிருந்து திரும்பும்போது ஏணி போட்டு ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார். சிவப்பு பெயின்ட். முதலில் முடித்திருந்த சொல் 'மூலம்'. அதன் கீழே 'பவுத்திரம்' பாதி வந்திருந்தது. கத்தி இல்லாமல், ரத்தம் இல்லாமல், ஆபரேஷன் இல்லாமல் என்று அடுத்து வரும், எனக்கு மனப்பாடம். பெயின்ட் வாசனை மூக்கில் ஏறியதும் வண்டியை ஓரங்கட்டி நின்றுவிட்டேன். அவர் திரும்பிப் பார்த்து, "இன்னாங்க, அட்ரஸ் வேணுமா? கடைசில நம்பர் எழுதுவன், நோட் பண்ணிக்கோங்க" என்றார். வேண்டாம் என்று தலையாட்டினேன். அந்த முகவரி எனக்குத் தெரியும். உன்னை நான்தான் அங்கே கூட்டிக்கொண்டு போனேன்.

நீ போய் இந்த ஆடியோடு ஒரு வருடம் முடிந்தது. உனக்கு எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று நீ கேட்கலாம். ஆனால் கடைசியில் நீ என்னிடம் ஒரு காரியம் சொன்னாய். அதை ஒரு வருடத்துக்கு மேல் இழுத்தடித்து, அந்தச் செவ்வாய்க்கிழமைதான் செய்தேன். அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

முதல் நாள் நீ சண்டை போடத்தான் வந்தாய். பட்டுக்கடையின் பின்னறையில் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிற வேலை எனக்கு. உன் அக்கா வீட்டுத் தறியில் நெசவு உனக்கு. முந்தானைக்கு நான் போட்ட மயிலைத் தாளில் எடுத்துக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தாய். "இது மயிலா, கோழியா? மூக்க பாரு. நெய்யற எனக்கே வெக்கமா கீது." எனக்குக் கோபம் வந்தது. ஆனால் மூக்கைத் திருத்தினேன். அடுத்த வாரம் குறையே இல்லாத ஒரு டிசைனில் குறை சொல்லிக்கொண்டு நீ மறுபடி வந்தபோது, நீ எதற்கு வருகிறாய் என்று இருவருக்குமே தெரிந்துவிட்டது. அப்படிப் பதினேழு வருடம். இடையில் எனக்குக் கல்யாணமும் ஆனது. தேசூரிலிருந்து வந்த செல்வி உன்னை அண்ணன் என்று கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை கருவாட்டுக் குழம்பு வைத்தால் உனக்கென்று ஒரு கிண்ணம் எடுத்து மூடிவைப்பாள்.

நாம் இருவரும் ஒருவருக்கொருவர் என்னவாக இருந்தோம் என்பதற்கு ஆரணியில் ஒரு நல்ல சொல் கிடையாது. கெட்ட சொற்கள் எத்தனையோ உண்டு. ஆகவே கேட்பவர்களுக்கெல்லாம் "மாமா பையன்" என்றோம். உன் சாதி என்ன, என் சாதி என்ன, எப்படி மாமா பையன் ஆனோம் என்று ஒருவரும் கேட்டதில்லை. வாயில் சட்டென்று வருகிற சொல்லாக இருந்தால் ஊர் அதற்கு மேல் தோண்டாது. இந்தப் பாடத்தை நாம் தேவைக்கு மேலேயே கற்றுக்கொண்டுவிட்டோம்.

சிறுநீரகக் கல்லுக்கு ஆபரேஷன் என்று உன் ரத்தத்தைச் சோதித்தபோது எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. பதினோரு வருடம் இருக்கும். அன்றைக்கு நீ வீட்டுக்குக்கூடப் போகவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கடைக்கு வந்தாய். பின்னறைக் கதவைச் சாத்திவிட்டு, "எனக்கு கீதுடா. நீ போய் பாத்துக்க. ஜல்தி போ, நாளைக்கின்னு சொல்லாத" என்றாய். உன் குரல் நடுங்கவில்லை. தெரிந்து இரண்டு மணி நேரத்துக்குள் எனக்குச் சொல்லிவிட்டாய். நான் போய்ப் பார்த்தேன். இல்லை என்றார்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்தார்கள், அப்போதும் இல்லை. அந்தச் சந்தோஷத்தில் உன் முன்னாலேயே அழுதேன். நீ என் முதுகைத் தட்டிக்கொடுத்தாய். நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அதன் பிறகு நீ மாத்திரையை ஒருநாளும் விட்டதில்லை. 'சத்து மாத்திரை' என்று அக்காவிடம் சொல்லி, தறிக்குப் பக்கத்து மாடத்தில் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாய். காலையில் போனில் மணி அடித்ததும் தறியை நிறுத்திவிட்டுப் போட்டுக்கொள்வாய். ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது என்று மாத்திரை கொடுக்கிற ஏ.ஆர்.டி. மையத்தில் சொன்ன அன்று எனக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்தாய். "கெலிச்சிட்டண்டா" என்றாய். மாத்திரை இருந்தது, ஆணுறை இருந்தது, பயமும் இருந்தது. இவ்வளவு ஜாக்கிரதைக்குப் பிறகு நமக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று நானும் நம்பினேன்.

ஆறு வருடத்துக்கு முன்னால் எனக்கு மரு வந்தது. இடுப்புக்குக் கீழே, யாரிடமும் காட்ட முடியாத இடத்தில், சின்னச் சின்னதாக ஏழெட்டு. தீபாவளி ஆர்டர் நெருக்குகிறது என்று சொல்லி ஒரு மாதம் உன் பக்கமே வராமல் இருந்தேன். காஞ்சிபுரத்தில் ஒரு தோல் டாக்டரிடம் போனேன். பெயர் கேட்டார்கள், முருகேசன் என்றேன். டாக்டர் மருந்து வைத்துச் சுட்டார். கையைக் கழுவிக்கொண்டே, "இது எச்.பி.வி.ன்னு ஒரு வைரஸ். தோல் பட்டாலே வரும், உறை போட்டாலும் முழுசா தடுக்காது. வெளிய தெரியறதுதான் மருன்னு நெனைக்காதீங்க, உள்ளேயும் இருக்கலாம். கூட இருக்குறவங்களையும் கூட்டிக்கினு வாங்க" என்றார். சீட்டின் அடியில் அதையே எழுதி, கீழே ஒரு கோடும் போட்டார். சரிங்க என்றேன்.

அந்தச் சீட்டை நான் உனக்குக் காட்டவில்லை. ஏற்கெனவே ஒரு வைரஸின் பெயரைக் கேட்டு நொந்தவனிடம் இன்னொன்றின் பெயரைச் சொல்வதா என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். கேட்பதற்குக் கருணை மாதிரி இருக்கிறது, இல்லையா? உண்மை அதுவல்ல. சொன்னால், "யார் கிட்டேர்ந்து வந்துது?" என்று கேள்வி வரும். நீ உன்னைக் குற்றவாளி ஆக்கிக்கொள்வாய், அல்லது என்னைச் சந்தேகப்படுவாய். அப்புறம் செல்விக்கும் சொல்ல வேண்டிவரும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்கு ஒரு சீட்டை மறைப்பதா கஷ்டம்? நாலாக மடித்துப் பர்ஸில் வைத்தேன். இரண்டு மாதத்தில் மரு உதிர்ந்துவிட்டது. பிறகு வரவேயில்லை. என் உடம்பு அதை மறந்தது, நானும் மறந்தேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு மதியம், நீ நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினாய். கேட்டதற்கு, "ரத்தம் போவுதுடா. மூலம்" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். தெருவில் பாதிப் பேருக்கு மூலம். காலைத் தறிக்குழிக்குள் தொங்கவிட்டுக் காலையிலிருந்து இருட்டும்வரை பலகையில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு மூலம் வராமல் வேறு என்ன வரும்? உன் நட்சத்திரமும் மூலம் என்று அக்கா எப்போதோ சொன்னது ஞாபகம் வந்து, "ஆண் மூலம் அரசாளும்னு சும்மாவா சொன்னாங்க? ராசா, சிம்மாசனத்துல உக்கார முடியலியா?" என்றேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். சிரிக்கும்போதே வலியில் உன் முகம் கோணியது. அதையும் பார்த்தேன்.

அப்போது பர்ஸ் என் பையில்தான் இருந்தது. 'உள்ளேயும் இருக்கலாம்' என்று எழுதிய சீட்டு அதில்தான் இருந்தது. அந்த நேரத்தில் அது என் நினைவுக்கு வரவில்லை என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. வந்தது. வந்ததும், மூலமாகத்தான் இருக்கும் என்று அதை உள்ளே தள்ளினேன்.

சுவரில் பார்த்த விளம்பரத்தை நம்பிப் போளூருக்குக் கூட்டிப்போனேன். வெள்ளைக் கோட்டு போட்ட அந்த ஆள் உன்னைப் படுக்கவைத்து அரை நிமிடம்கூடப் பார்க்கவில்லை. "மூலந்தான். நூல் கட்டிட்டா தானா உதிந்துடும்" என்றான். வெளியே வந்து நீ, "எங்கிட்டயே நூல் கட்டறானாம்டா! பதினஞ்சி வயசுலேர்ந்து நானு கட்டாத நூலா?" என்றாய். மாதம் ஒருமுறை போனோம். நூல் கட்டினான், லேகியம் கொடுத்தான், வெந்நீரில் உட்காரச் சொன்னான். நீ ஸ்கூட்டர் டியூபுக்குக் காற்றடித்து அதன்மேல் உட்கார்ந்து நெய்தாய். ரத்தம் நிற்கவில்லை. இதற்கிடையே மையத்தில் மாதாமாதம் மாத்திரை வாங்கும்போதெல்லாம், வேறு ஏதாவது தொந்தரவு உண்டா என்று அங்கிருந்த மேடம் உன்னைக் கேட்டுக்கொண்டேதான் இருந்தார். "ஒன்னியும் இல்ல மேடம், நல்லா கீறன்" என்றே நீ சொல்லிவந்தாய். எங்கே வலி என்று சொன்னால் அடுத்த கேள்வி என்னவென்று உனக்குத் தெரியும். நீ மறைத்ததும் என்னைத்தான்.

பத்து மாதம் போனது. கட்டி கைக்குத் தட்டுப்பட்ட பிறகு சென்னைக்குப் போனோம். சதை எடுத்துச் சோதித்து, ஒரு வாரம் கழித்து அங்கே ஒரு டாக்டரம்மா உன்னை உட்காரச் சொன்னார். நீ நின்றுகொண்டே கேட்டாய்.

"இது மூலம் இல்லீங்க. ஆசனவாயில வர்ற கேன்சர். எச்.பி.வி.ன்னு ஒரு வைரஸ், அதனால வர்றது. அது நெறைய பேருக்கு வரும், வந்த சுவடு தெரியாமப் போயிடும். எச்.ஐ.வி. இருக்கிறவங்க உடம்புல சில சமயம் போகாம தங்கிடுது. நீங்க மாத்திரைய ஒழுங்கா சாப்பிட்டிருக்கீங்க, அது நல்லது. ஆனா இந்த எடத்தையும் அப்பப்ப ஒருத்தர் பாத்திருக்கணும்."

 முன்னால் எப்போதாவது மரு மாதிரி வந்ததுண்டா என்று கேட்டார். இல்லீங்க என்றாய். "கூட இருக்கிறவங்க யாருக்காவது?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொல்லிவிட்டாய்.

"கூட யாரும் இல்லீங்க. இவன் மாமா பையன்."

பர்ஸ் என் பின்பையில் இருந்தது. நான் அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தேன்.

உன்னை வெளியே உட்காரவைத்துவிட்டு, மருந்துச்சீட்டில் சந்தேகம் என்று சொல்லி மறுபடி உள்ளே போனேன். அது உனக்குத் தெரியாது. எனக்கு மரு வந்தது, சீட்டு இருக்கிறது, நான்தான் அவனுக்குக் கொடுத்தேனா என்று கேட்டேன். அந்தம்மா என்னை ஒரு நிமிடம் பார்த்தார். முகத்தில் அருவருப்பு ஒன்றும் இல்லை. அதுவே எனக்குத் தாங்கவில்லை. "யாரு யாருக்குக் கொடுத்தாங்கன்னு யாராலயும் சொல்ல முடியாதுங்க. மரு உண்டாக்குறது ஒரு வகை, கேன்சர் உண்டாக்குறது வேற வகை. ஒரே ஆளுக்கு ரெண்டும் வர்றது உண்டு. உங்க உடம்பு தள்ளிடுச்சி, அவரோடது தள்ளல." அன்றைக்கே அவனையும் பார்த்திருந்தால் என்று கேட்டேன். "முன்னாடியே தெரிஞ்சிருக்கலாம்" என்றார். பிறகு, கல்யாணம் ஆகியிருக்கிறதா என்று கேட்டார். ஆகியிருக்கிறது என்றேன். "அவங்களையும் பெண்கள் டாக்டர்கிட்ட காட்டுங்க. கர்ப்பப்பை வாயில இதே வைரஸ்தான் வேலை செய்யும்."

சரிங்க என்றேன். எனக்குச் சரிங்க சொல்ல நன்றாக வரும்.

கரண்ட் என்று கதிர்வீச்சு வைத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். வயிற்றில் துளை போட்டுப் பை மாட்டினார்கள். எல்லாம் முடிந்து நீ அக்கா வீட்டில் டியூபின் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்த ஒரு காலையில், அக்கா கடைக்குப் போயிருந்த நேரம், சீட்டை எடுத்து உன் மடியில் வைத்தேன். நீ மெதுவாகப் படித்தாய். தேதியை இரண்டுமுறை படித்தாய்.

"நாலு வருசமாடா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எனக்கு வந்த அன்னிக்கே ஓடியாந்து சொன்னனேடா உனுக்கு. வூட்டுக்குக்கூட போவாம வந்தனேடா."

அவ்வளவுதான். கத்தவில்லை, திட்டவில்லை. சீட்டை மடித்து என்னிடமே நீட்டினாய். மறுநாள் நான் வந்தபோது தூங்குகிறான் என்று அக்கா சொன்னார். அதற்கு மறுநாளும் தூங்கினாய். பதினோரு நாள் தூங்கினாய். பன்னிரண்டாம் நாள் போன் செய்தாய். நான் பேசத் தொடங்கியதும், "பேசாத. கேளு" என்றாய்.

"செல்விய கூட்டிக்கினு போய் டெஸ்ட் எடு. எத்தினி நாள் எனக்கு சோறு போட்டிருக்கா. நானு உன்ன மன்னிச்சிட்டன்னு நெனச்சிக்காத. அவள கூட்டிக்கினு போ, அப்பால வா."

நான் கூட்டிக்கொண்டு போகவில்லை. ஆனால் வந்தேன். போனாயா என்று கேட்டாய், அடுத்த வாரம் என்றேன். அடுத்த வாரமும் கேட்டாய். பிறகு உனக்குக் கேட்கும் தெம்பு இல்லாமல் போனது. கட்டி திரும்பி வந்து, ஆடி பிறந்து நாலாம் நாள் முடிந்துபோனாய். கடைசி இரண்டு நாள் நீ யாரையும் அடையாளம் தெரிந்துகொள்ளவில்லை என்று அக்கா சொன்னார். என்னைப் பார்த்தபோது மட்டும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாய். அக்கா அதைக் கவனிக்கவில்லை.

வந்தவர்களிடமெல்லாம் அக்கா, "மூலம் முத்திப்போச்சுங்க, கவனிக்காம வுட்டுட்டான்" என்று சொல்லி அழுதார். அப்படிச் சொல்லச் சொன்னதும் நான்தான். கண்ணீர் அஞ்சலி போஸ்டரை நான்தான் போட வேண்டும் என்று கேட்டார், நான் டிசைன் போடுகிறவன் இல்லையா? உன் படத்தை வைத்தேன், பூ வைத்தேன், தேதி வைத்தேன். 'இப்படிக்கு' என்று அடித்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் 'நண்பர்கள்' என்று போட்டேன். ஒரு ஆள் பன்மைக்குள் போய் ஒளிந்துகொண்டேன்.

இந்த ஒரு வருடத்தில் செல்வியிடம் இரண்டுமுறை பொய் சொல்லிப் பார்த்தேன். அரசு ஆஸ்பத்திரியில் லேடீஸ் கேம்ப், இலவசம், போய்விட்டு வா என்று. "எனக்கு இன்னா கேடு? எத்தினி புடவ கெடக்குது பாருங்க" என்றாள். அவள் வீட்டிலிருந்தே பட்டுப்புடவைக்குக் குஞ்சம் கட்டுகிறவள்; உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாள். அவள் வரமாட்டேன் என்றதும் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. சொல்லிப் பார்த்தாயிற்று என்று கையைக் கழுவிக்கொள்கிற நிம்மதி. அப்படிப்பட்டவன்தான் நான். நீ தெரிந்துகொள்.

செவ்வாய்க்கிழமை அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அவள் மடியில் அரக்குப் புடவை. எதிரே உட்கார்ந்து சீட்டை எடுத்து வைத்தேன். மடிப்பில் கிழிந்து நாலு துண்டாகப் போகிற நிலையில் இருந்தது. அவள் ஒரு கையால் எடுத்துப் பார்த்தாள்.

"யாரிது முருகேசன்?"

"நான்தான்."

சொன்னேன். மரு வந்தது, பெயரை மாற்றிச் சொன்னது, டாக்டர் சொன்னது, அவளுக்கும் அது வந்திருக்கலாம், அதனால்தான் டெஸ்ட் எடுக்க வேண்டும், எல்லாவற்றையும். ஆறு வருடம் என்றும் சொன்னேன். அவள் விரல் மட்டும் நூலை முறுக்கிக்கொண்டே இருந்தது. முடிச்சு போட்டாள், இன்னொரு முடிச்சும் போட்டாள். பிறகு தலை நிமிராமல் கேட்டாள்.

"உங்களுக்கு யாரு மூலமா வந்துது?"

யாரிடமிருந்து யாருக்கு என்று சொல்ல முடியாது என்று அந்தம்மா சொன்னது எனக்கு நினைவில்லாமல் இல்லை. அதைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் அவள் கேட்டது வைரஸைப் பற்றி அல்ல. நான் உன் பெயரைச் சொன்னேன். மாமா பையன் என்று சொல்லவில்லை, நண்பன் என்று சொல்லவில்லை. பெயரை மட்டும் சொன்னேன். நம் பதினேழு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

அவள் விரல் நின்றது. கிண்ணத்தில் குழம்பு எடுத்து மூடிவைத்த ஞாயிற்றுக்கிழமைகள் ஒவ்வொன்றாக அவள் முகத்தில் வந்து போனதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, யாரோ ஏமாற்றிய குழந்தை மாதிரி கேட்டாள்.

"மூலம்னு இல்ல சொன்னீங்க?"

மறுநாள் காலை தேசூருக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை போடவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "திங்கக்கெழம அங்கேர்ந்து நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடறன். நீங்க சீட்டு போட்டு வைங்க. எம் பேர்ல போடுங்க" என்றாள். கிழிந்த சீட்டையும் அவளே தன் பையில் வைத்துக்கொண்டாள்.

நாளை திங்கட்கிழமை. டெஸ்டில் என்ன வரும் என்று தெரியாது. அவள் திரும்பி இந்த வீட்டுக்கு வருவாளா என்றும் தெரியாது. நீ சொன்ன காரியம் பாதி முடிந்திருக்கிறது, அதுவும் ஒரு வருடத்துக்கு மேல் தாமதமாக. அப்பால வா என்றாய். வருவதற்கு இப்போது நீ இல்லை. பர்ஸில் அந்தச் சீட்டு இருந்த இடம் காலியாக இருக்கிறது. நீ என்னை மன்னிக்கவில்லை. அதை மட்டும் நான் வைத்திருக்கிறேன்.